சுற்றுக்கு வந்த ஆம்ப்களும் வீட்டில் கேட்ட வித்தியாசங்களும்

ஹெட்ஃபோன் ஆம்ப் (ஹெட்ஃபோனை ஓட்டப் பாட்டின் மின்னலையைப் பெருக்கித் தரும் பெட்டி) வாங்க நினைப்பவர்களிடம், கடன் வாங்கிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வது. ஹெட்ஃபோன் பைத்தியம் பிடித்த எங்கள் வட்டத்தில் சில வருடங்களாக அப்படித்தான் நடக்கிறது. சென்னை, கோவை, திருச்சி, பெங்களூரு, கொச்சி என்று ஆளுக்கு ஒரு ஊரில் இருக்கிறோம். யாராவது தன்னுடைய ஆம்ப்பைச் சுற்றுக்கு விடுவார். பெயர் கொடுத்தவர்களின் வரிசைப்படி ஒவ்வொருவரிடமும் பத்து நாள் இருக்கும். அடுத்தவருக்கு அனுப்பும் கூரியர் செலவும் இன்சூரன்ஸும் அனுப்புகிறவர் பொறுப்பு. கடைசியில் பெட்டி உரியவர் வீட்டுக்கே திரும்பிவிடும். அமெரிக்க ஹெட்ஃபோன் ஆர்வலர்களிடம் இந்தப் பழக்கம் வெகுநாளாக உண்டு. அங்கே சில தயாரிப்பாளர்களே புது ஆம்ப்பை இப்படி வீடு வீடாக அனுப்பி வைக்கிறார்கள்.

ஷோரூமில் கேட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பின்புறம் திறந்த ஹெட்ஃபோன்தான் இந்த ஆம்ப்களுடன் பெரும்பாலும் ஓடுவது, அதில் கடையின் ஏசி சத்தமும் பேச்சும் அப்படியே உள்ளே வரும். டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் கருவி) அவர்களுடையது, பாட்டு அவர்கள் போடுவது, பக்கத்தில் இன்னொருவர் முறைக்குக் காத்திருப்பார். அரைமணி நேரத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல், பல வருடமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பதிவை, நம் தலைக்குப் பழகிய ஹெட்ஃபோனில், அவசரமில்லாமல் கேட்கும்போதுதான் ஒரு ஆம்ப் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பது பிடிபடும்.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோன். மின்தடை 300 ஓம், 2003இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. முதலில் என் கைக்கு வந்த ஆம்ப்கள் இரண்டு: டாப்பிங் ஏ90, பெஞ்ச்மார்க் எச்பிஏ4. முன்னது வெளிவந்தபோது 500 டாலர், பின்னது கிட்டத்தட்ட 3,000 டாலர். ஒன்றை முடித்து இன்னொன்று என்று கேட்டால் நினைவை நம்பவேண்டி வரும். அதனால் இரண்டும் ஒரே சமயத்தில் என்னிடம் இருக்கும்படி நண்பர்கள் வரிசையை மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒப்பிடுவதற்கு முன் செய்யவேண்டிய முக்கியமான வேலை ஒலி அளவைச் சமமாக்குவது. அரை டெசிபல் கூடுதலாக இருந்தால் நம் காதுக்கு அது சத்தமாகத் தெரியாது. தெளிவாக, உயிரோட்டமாக இருப்பதாகத்தான் தோன்றும். 'இந்த ஆம்ப்பில் திரை விலகியது' என்று எழுதும் எத்தனையோ பேருக்கு விலகியது அந்த அரை டெசிபல்தான் என்பது என் எண்ணம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஹெட்ஃபோன் மாட்டியபடியே, 300 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு அளக்கலாம். பலரும் 1,000 ஹெர்ட்ஸ் என்பார்கள். ஆனால் சாதாரண மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. இரண்டு ஆம்ப்புக்கும் நடுவில் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டால் நல்லது. அதாவது வோல்ட்டேஜ் வித்தியாசம் சுமார் 1 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். எச்பிஏ4இன் வால்யூம் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் 0.5 டெசிபல் படிகளாக ஏறி இறங்கும், அதில் நுணுக்கமாகச் சரிசெய்ய வழியில்லை. ஏ90இல் சாதாரணத் திருகு. அதனால் எச்பிஏ4ஐ ஒரு படியில் நிறுத்திவிட்டு ஏ90ஐ அதற்கு இணையாகத் திருகிக் கொண்டுவந்தேன்.

என் தங்கை சுவிட்ச் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, எது ஓடுகிறது என்று தெரியாமலே பல மாலைகள் கேட்டேன். வீணைப் பதிவு, பழைய திரைப்பாடல்கள், நாதஸ்வரம், அப்புறம் ஒரு பியானோ பதிவு. எச்டி 650இல் இரண்டையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. எச்டி 650க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் வரும். 110 டெசிபல் உச்சத்துக்கு 2.2 வோல்ட், கிட்டத்தட்ட 17 மில்லிவாட் போதும். இவ்வளவு சின்ன வேலையில் இரண்டு ஆம்ப்களின் இரைச்சலும் சிதைவும் காதுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கின்றன. 2011இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதியவர் ஓ2 என்ற ஆம்ப்பின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் எழுதுவதையே நிறுத்திவிட்டுக் காணாமல் போனார். அவர் சொன்னதும் இதுதான்: ஒழுங்காகச் செய்த ஆம்ப் என்றால், விலை என்னவாக இருந்தாலும், தன்னுடைய குரலைச் சேர்க்காது. அன்று அதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. நான் கேட்டவரை டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் அவர் பக்கம்தான் நியாயம்.

அதற்காக எச்பிஏ4க்குக் கொடுக்கும் பணம் வீண் என்று சொல்லமாட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு மிக மெல்லிய ஒலியில் கேட்டால் திருகு வைத்த ஆம்ப்களில் இடதும் வலதும் சமமில்லாமல் போவது வழக்கம். பாடுகிறவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். ரிலேயில் அந்தத் தொல்லை இல்லை. ராத்திரியில் மட்டுமே கேட்க வாய்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்து வந்தது வேறு உலகம். கோவையில் மோட்டார் பம்பு தொழிலில் இருக்கும் அண்ணன் ஒருவர் தன்னுடைய ஃபெலிக்ஸ் ஆடியோ யூஃபோரியாவைச் சுற்றுக்கு விட்டார். போலந்தில் ஒரு குடும்பம் கையால் செய்யும் வால்வு (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்) ஆம்ப். முன்னால் இரண்டு 6எஸ்என்7 வகை வால்வுகள், பின்னால் இரண்டு 6என்13எஸ் பவர் வால்வுகள். ஹெட்ஃபோனுக்கும் வால்வுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பெட்டி வந்த அன்றைக்கே போன் செய்தார்.

"தம்பி, ஆன் பண்ணின உடனே கேட்டுப்போட்டு எழுதீராதீங்க. அரைமணி நேரம் சூடாகட்டும். அப்புறம், ஃபேன் காத்து நேரா படுற மாதிரி வெக்காதீங்க."

"சரிங்கண்ணா. என்கிட்ட 6எஸ்என்7 ரெண்டு இருக்கு, மாத்திப் பாக்கலாமா?"

"தாராளமா. ஆனா ஆஃப் பண்ணி நல்லா ஆறுன பொறவு கழட்டுங்க, கையச் சுட்டுக்காதீங்க."

எச்டி 650ஐ இதில் மாட்டிய முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்தது. அடிப்பகுதிக்குக் கனம் வந்தது, குரல்கள் கொஞ்சம் முன்னால் வந்து நின்றன. திருச்சியில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். எனக்கு முன்னால் அவர்தான் கேட்டிருந்தார். பெட்டிக்குள் ஆம்ப்போடு கூடவே ஒரு நோட்டும் பயணம் செய்யும், அதில் அவர் எழுதியிருந்த வரி இது: 'தொப்பியில் ரவை கொஞ்சம் தாராளமாக அப்பினாற்போல் இருக்கிறது. நாதம் கெடவில்லை.' தொப்பி என்பது மிருதங்கத்தின் இடப்பக்கம், அதில் ரவை அப்பினால் அடிநாதம் கனக்கும். இதைவிடச் சரியாக நான் எங்கேயும் படித்ததில்லை.

இது வால்வின் மாயம் இல்லை, காரணத்தைக் கணக்கில் காட்டமுடியும். எச்டி 650க்கு 300 ஓம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் எல்லா ஸ்தாயியிலும் அது 300 இல்லை. 80, 90 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட 500 ஓம் வரை ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களுக்கு வெளியீட்டு மின்தடை (ஹெட்ஃபோனுக்குப் போகும் வழியில் ஆம்ப்பே வைக்கும் தடை) அதிகம். 120 ஓம் என்று வைத்துக்கொண்டால், நடுப்பகுதியில் ஹெட்ஃபோனுக்குப் போய்ச்சேரும் வோல்ட்டேஜ் 71 சதவீதம், அடிப்பகுதியில் 81 சதவீதம். வித்தியாசம் சுமார் 1 டெசிபல். வாத்தியாரின் காது பிடித்த ரவை அதுதான். வெளியீட்டு மின்தடை ஹெட்ஃபோனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். எச்டி 650 விஷயத்தில் அந்த விதியை மீறுவது அழகாகவே இருக்கிறது. ஈக்குவலைசரில் அதே 1 டெசிபலை ஏற்றிப் பார்த்தேன், பக்கத்தில் வந்தது. ஆனாலும் வால்வின் சிதைவு குரலுக்குச் சேர்க்கும் சதைப்பற்று அதில் வரவில்லை. இதைக் கண்ணை மூடிச் சோதிக்கவில்லை, ஆகவே என் ரசனை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யூஃபோரியா எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. பிளேனர் ஹெட்ஃபோன் (காந்தங்களுக்குப் பக்கத்தில் தட்டையான மெல்லிய சவ்வு அதிரும் வகை) வைத்திருக்கும் கொச்சி நண்பருக்கு அது சவசவவென்று இருந்திருக்கிறது. அவர் சொன்னதும் சரிதான். 60 ஓம் ஹெட்ஃபோனுக்கு அந்த 120 ஓம் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டேஜ்தான் போய்ச்சேரும். பிளேனருக்குத் தேவையான மின்னோட்டத்தைத் தருவதும் இந்த வகை வால்வு ஆம்ப்புக்குக் கஷ்டம். ஒரே ஆம்ப், இரண்டு நேர்மையான காதுகள், இரண்டு நேரெதிர் தீர்ப்புகள். ஆம்ப்பை மட்டும் தனியாக எடுத்து மதிப்பெண் போடுவதில் அர்த்தமில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. இன்று யாராவது 'எந்த ஆம்ப் நல்லது' என்று கேட்டால் உங்கள் ஹெட்ஃபோன் என்ன என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

யூஃபோரியா கோவை திரும்பும் வழியில் ஒரு 6எஸ்என்7 போய்விட்டது. வால்வுக் கண்ணாடிக்கு உள்ளே பளபளவென்று வெள்ளிப் பூச்சு ஒன்று இருக்கும். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சிக்கொள்ள வைத்த பேரியம் அது. கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் அந்த வெள்ளி நிறம் பால் வெள்ளையாக மாறிவிடும். அண்ணன் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பியதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அட்டைப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கூரியர்காரர்கள் கண்ணாடிப் பொருளுக்கு இழப்பீடு இல்லை என்று முடித்துக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் பணம் கட்டியிருந்தும் இந்தப் பதில், எனக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணனோ, ஆம்ப் வந்துருச்சுல்ல, வால்வு கெடச்சா வாங்கிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே விடாமல் அந்தச் சுற்றில் கேட்ட எல்லோரும் பங்கு போட்டு ஒரு ஜோடி வாங்கி அனுப்பினோம். அதற்குப் பிறகு வால்வுகளைக் கழற்றி, தனித்தனி டப்பாவில் பஞ்சு வைத்து, இரட்டை அட்டைப் பெட்டிக்குள்தான் அனுப்புகிறோம். பெட்டியை மூடும் முன்னும் திறந்த உடனேயும் படம் எடுக்கவேண்டும் என்பது கட்டாயம்.

பெங்களூரு நண்பர் சுற்றுக்கு விட்டதுதான் இதுவரை வந்ததிலேயே பெரியது. ஹைஃபைமேன் சுஸ்வரா என்ற பிளேனர் ஹெட்ஃபோனும் அதோடு ஃபெர்ரம் ஓஓஆர் ஆம்ப்பும், அதற்கான ஹிப்சோஸ் பவர் சப்ளையும். சுஸ்வரா 2017இல் 6,000 டாலருக்கு வந்தது. அதை முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு அனுப்ப மனசு வேண்டும். 60 ஓம், ஆனால் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான். 110 டெசிபல் உச்சத்துக்கு அரை வாட் வேண்டும், அதாவது 5.5 வோல்ட்டும் 90 மில்லி ஆம்பியரும். எச்டி 650 கேட்டதைப்போல முப்பது மடங்கு பவர். அதை என் லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் மாட்டினால் தவில் அடி அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல வந்தது. ஓஓஆரில் மாட்டியதும் அதே தவிலுக்கு வெளி கிடைத்தது. ஒவ்வொரு அடியும் எழுந்து அடங்கும்வரை முழுதாகக் கேட்டது, பின்னால் நாதஸ்வரத்தின் மூச்சு தனியாக நின்றது. இந்த வித்தியாசத்தைக் கேட்க சுவிட்ச் பெட்டியும் தேவையில்லை, பழகிய காதும் தேவையில்லை. எங்கள் அம்மாவே, முதல்ல என்னடா பண்ணி வெச்சிருந்தே என்று கேட்டார்.

ஓஓஆருக்குப் பக்கத்தில் ஏ90ஐயும் சுஸ்வராவில் வைத்துப் பார்த்தேன். பவர் கூடுதலாகத் தரும் பேலன்ஸ்டு துளையில், அதிக கெயினில் (பெருக்கும் அளவில்), ஏ90 அதைச் சளைக்காமல் ஓட்டியது. ஒலி அளவைச் சமமாக்கியபின் இரண்டுக்கும் நடுவில் நான் கேட்டது மிகக் கொஞ்சம். பெங்களூரு நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, ஓஓஆரில் மேடையின் ஆழம் அதிகம் என்கிறார். இரண்டு பேருடைய பக்கமும் நோட்டில் அடுத்தடுத்து இருக்கிறது.

ஸ்டாக்ஸ் மட்டும் சுற்றுக்கு வருவதில்லை. அது மின்நிலை ஹெட்ஃபோன், காதருகே இருக்கும் மெல்லிய சவ்வு 580 வோல்ட் மின்னூட்டத்தில் நிற்கும். சாதாரண ஆம்ப்பில் மாட்டவே முடியாது, ஐந்து முள் பிளக். சென்னையில் ஒருவர் ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-007ஐ ஹெட்ஆம்ப் ப்ளூ ஹவாய் என்ற ஆம்ப்பில் வைத்திருக்கிறார், நான்கு ஈஎல்34 வால்வுகளில் ஓடுவது. அவர் வீட்டுக்கே போய் ஒரு மதியம் கேட்டோம். தம்பூராவில் சுருதி ஓடுவது அவ்வளவு நுணுக்கமாக வேறெங்கும் கேட்கவில்லை. ஆனால் அது அவர் வீடு, அவர் பாட்டு. தீர்ப்பாக எதையும் எழுதமாட்டேன்.

இவ்வளவு கேட்டபின் என் எச்டி 650க்கு ஏ90 வகையே போதும் என்று வாங்கிவிட்டேன். யூஃபோரியாவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது ஆசை, தேவை இல்லை.

ஓஓஆரும் சுஸ்வராவும் இப்போது கொச்சியில் இருக்கின்றன. பிளேனர் வைத்திருப்பவர்கள் அந்த வரிசையில் பெயர் கொடுங்கள். 300 ஓமும் அதற்கு மேலும் இருப்பவர்கள் யூஃபோரியா வரிசைக்கு வாருங்கள். பெயரோடு உங்கள் ஹெட்ஃபோன், டிஏசி, உங்களிடம் இருக்கும் கேபிள் நான்கு முள் எக்ஸ்எல்ஆரா, 6.35 மில்லிமீட்டரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், கன்வர்ட்டர் வேண்டுமென்றால் பெட்டியிலேயே வைத்து அனுப்பிவிடலாம். நோட்டில் உங்கள் பக்கத்தை எழுதி முடித்துவிட்டு மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள். மீட்டரில் என்ன வோல்ட்டேஜில் சமமாக்கினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.