அந்த மனுவின் ஜெராக்ஸ் இன்னும் என் பையில் இருக்கிறது

காட்பாடி_பொண்ணு:
யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வருடம் விஸ்காம், கூடவே ஒரு நாளிதழின் வேலூர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப். திங்கட்கிழமை என்றால் என்னை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார்கள். குறைதீர்க்கும் நாள் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டில் போலீஸ் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலைக்கூட மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அன்றைக்கு எனக்கு ஒரே அவசரம். மதியம் இன்டர்னல் எழுத வேண்டும், ராத்திரி சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், மாணவர் பரிமாற்றத்துக்காக பத்துப் பேர் போகிறோம், பெட்டிகூட அடுக்கி முடிக்கவில்லை.

மரத்தடியில் ஒரு பாட்டி. பேரணாம்பட்டுப் பக்கம், காலமெல்லாம் பீடி சுற்றியவர். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், ஏழு மாதமாகக் கைக்கு வரவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "மிசின்ல ரேகை வுழலன்னு சொல்றாங்க கண்ணு" என்றார். குறித்துக்கொண்டேனே தவிர காதில் வாங்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய பிரஸ் கார்டைப் பார்த்துவிட்டு மனுவின் ஜெராக்ஸ் ஒன்றை என் கையில் திணித்தார். "நாளைக்கே பேப்பர்ல வந்துடுமா?" வரும் பாட்டி என்றேன். சொல்லிவிட்டு ஓடினேன்.

கோலாலம்பூரில் இமிக்ரேஷன் கவுன்டரில் பாஸ்போர்ட்டை எடுக்கும்போது அந்தத் தாளும் கூடவே வந்து விழுந்தது. அங்கே வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு ஆள்காட்டி விரலையும் மிஷினில் வைக்க வேண்டும். ஒரு கையில் தாளைப் பிடித்தபடி இன்னொரு கை விரலை வைக்கிறேன், கண் அந்தக் கைநாட்டில் போய் நின்றது. வெறும் கறுப்புத் திட்டு. ஒரு கோடுகூட இல்லை. என் விரலை அந்த மிஷின் ஒரு நொடியில் எடுத்துக்கொண்டது. பாட்டி சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. செய்தி அதுதான், என் கையிலேயே இருந்திருக்கிறது. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து மனுவில் இருந்த பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அப்புறம் செமஸ்டர் வந்துவிட்டது.

ஆம்பூர்_பையன்:
உன் கைநாட்டு மாதிரி எனக்கு ஒரு வாசனை, தங்கச்சி. எம்.ஏ. படிக்கும்போதே ஒரு சேனலுக்கு செய்தி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை. நான் எழுதியதில் பாதி பாலாற்றுக் கழிவைப் பற்றித்தான். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட், மாசு செய்தவனே அதற்கான பணத்தையும் கட்ட வேண்டும் என்று சொன்னதே, அந்தத் தீர்ப்பைத் தலைகீழாக ஒப்பிப்பேன். அப்புறம் ஒரு செமஸ்டர் ஜெர்மனி கிடைத்தது. பிராங்பர்ட்டை ஒட்டி ஒஃபன்பாக் என்று ஒரு ஊர், ஒரு காலத்தில் தோல் சாமான்களுக்குப் பேர்போனது, 1917இல் ஆரம்பித்த தோல் மியூசியம் இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சும்மா போனேன்.

உள்ளே ஒரு வயதான அம்மா, என்னை மாதிரியே பார்க்க வந்தவர். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன், தோல் ஊர் என்றும் சொன்னேன். அவருடைய அப்பாவும் அந்த ஊரில் தோல் வேலைதானாம், கம்பெனி மூடி எத்தனையோ வருடம் ஆகிறது. "உங்கள் ஊரில் இன்னும் அந்த வாசனை இருக்கிறதா?" என்று கேட்டார். நாற்றம் என்று அவர் சொல்லவில்லை. அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சட்டையில் வருமே, அதை நினைத்துக்கொண்டு கேட்கிறார். என் அப்பா சட்டையிலும் அதே வாசனைதான். அதை நான் நாற்றம் என்றுதான் நூறு தடவை எழுதியிருக்கிறேன், எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பழைய_பஸ்ஸ்டாண்ட்:
முதல் பதிவு போட்ட பாப்பாவுக்கு. கோபித்துக்கொள்ளாதே, நீ செய்த தப்பு வெளிநாட்டுக்குப் போனதில் இல்லை, "வரும்" என்று சொன்னதில்தான். எது வரும், எது வராது என்பது செய்தியைத் திருத்திப் பக்கம் போடுகிற டெஸ்க் கையில் இருக்கிறது, பக்கம் கட்டும்போது ஒரு விளம்பரம் வந்தால் உன் பாட்டி காணாமல் போய்விடுவார். எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். நிருபருக்கு வாக்குக் கொடுக்க உரிமை இல்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 1989இல் வடஆற்காட்டை இரண்டாகப் பிரித்த சமயம், பகலில் காலேஜ், சாயந்திரம் பகுதிநேர நிருபர். அப்போது செய்தியைக் கவரில் போட்டு சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவோம். காணாமல் போன பையனின் போட்டோவோடு ஒரு அம்மா வந்தார். அவர்களிடம் இருந்ததே அந்த ஒரு போட்டோதான். திருப்பித் தருகிறேன் என்று வாங்கிக் கவரில் வைத்தேன். கவர் போய்ச் சேரவே இல்லை. மறுபடி வந்து கேட்டபோது அந்த அம்மா திட்டவில்லை, முந்தானையை விரித்து, போட்டோ சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைக் காட்டி, இதில்தான் இருந்தது என்றார். 35 வருடம் தாண்டிவிட்டது.

லைப்ரரி_அக்கா:
என் கதை சின்னது. விசா இன்டர்வியூவில் "நீங்கள் பத்திரிகையாளரா?" என்று கேட்டார்கள். இரண்டு வருடம் இரவு பகலாக எழுதியவள், இல்லை, மாணவி என்று சொன்னேன். வெளியே வந்து அண்ணா சாலை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால் இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலில் அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் என்பதை விளையாட்டாக நினைக்காதீர்கள், செய்தி சேகரிக்கப் போன நாளுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து 'ஆன் டூட்டி' வாங்குங்கள், பிறகு கேட்டால் எந்த ஹெச்ஓடியும் தர மாட்டார். பாஸ்போர்ட்டுக்கு இப்போது சென்னைக்கு ஓட வேண்டாம், வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலேயே மையம் இருக்கிறது, ஆனால் ஹாஸ்டல் முகவரியா வீட்டு முகவரியா என்று யோசித்துக் கொடுங்கள், போலீஸ் விசாரணை அங்கேதான் வரும். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நாம் 30 நாள் வரை தங்க விசா வேண்டாம், ஆனால் அது போய்ச் செய்தி எடுக்க இல்லை. அமெரிக்காவில் பத்திரிகையாளருக்கென்றே தனி விசா உண்டு, டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்க்கக் கூடாது. லண்டனில் டிகிரி படிக்கப் போகிறவர்கள் முக்கியமாகக் கேளுங்கள்: வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, ஃப்ரீலான்ஸ் கட்டுரை எழுதிக் காசு வாங்கினால் அதுவும் சுயதொழில்தான். என் தோழி ஒருத்திக்கு இது தெரியாமல் பெரிய மனக்கஷ்டம். விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள், இன்டர்ன்ஷிப் செய்தேன் என்று தைரியமாகச் சொல்லுங்கள், நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆம்பூர்_பையன்:
அக்கா, ஜெர்மனியில் மணிக்கணக்கு வேறு, 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். ஆனால் அந்தப் பொண்ணு விசா பற்றிக் கேட்கவே இல்லையே. ஐயா, உங்களிடமும் ஒன்று. "வரும்" என்று சொன்னது தப்பு என்கிறீர்கள். எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் மனசு ஆறியிருக்குமா? அவளை உறுத்துவது அந்த வார்த்தை இல்லை. பாட்டி காரணத்தை வாயால் சொல்லியும் காதில் விழவில்லை, அதுதான்.

பழைய_பஸ்ஸ்டாண்ட்:
வார்த்தைதான் தம்பி. அந்த அம்மாவிடம் திருப்பித் தருகிறேன் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் போட்டோவைக் கொடுத்திருக்கவே மாட்டார்.

காட்பாடி_பொண்ணு:
ஐயா சொல்வதும் சரி, அண்ணா சொல்வதும் சரி. முதல்வரின் குறைதீர்ப்பு உதவி எண் 1100க்கு போன் போட்டுப் பார்த்தேன், மனு எண் கேட்டார்கள். என்னிடம் இருப்பது பதிவு செய்வதற்கு முன்னால் எடுத்த ஜெராக்ஸ், எண் இல்லை. ஊரும் தெருவும் இருக்கிறது.

பேரணாம்பட்டு_88:
ஊர்ப் பேரை எனக்குத் தனியாக அனுப்பும்மா. பீடி சுற்றுகிற பாட்டிகள் பாதிப் பேருக்கு எங்கள் தெருவில் இதே கதைதான். எங்கள் பெரியம்மாவுக்கும் ரேகை தேய்ந்து போய், கடைசியில் கண்ணை வைத்துத்தான் ஆதாரில் சரிபார்த்தார்கள். எல்லா இடத்திலும் அந்த மிஷின் இருக்காது, எங்கே இருக்கிறது என்று நான் விசாரித்து வைக்கிறேன்.

காட்பாடி_பொண்ணு:
அனுப்பிவிட்டேன் அண்ணா. சனிக்கிழமை காலேஜ் இல்லை. குடியாத்தம் வந்து அங்கிருந்து பஸ் மாறுகிறேன், பதினோரு மணிக்குள் வந்துவிடப் பார்க்கிறேன். பாட்டியிடம் நான் வருவதை முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.