மைச்சொட்டு, அட்டைப்பெட்டி, நீச்சல் குளம்: சுழல் வளையம் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சுழல் வளையம் என்றால், தனக்குள்ளேயே சுருண்டு சுற்றியபடி நகரும் தண்ணீர் அல்லது காற்று வளையம். நானே ஆரம்பித்து வைக்கிறேன். பேனாவுக்கு மை ஊற்றும்போது ஒரு சொட்டு தவறி, பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரில் விழுந்தது. கலங்கிப் போகும் என்று பார்த்தால், மோதிரம் மாதிரி ஒரு நீல வளையம் நிதானமாகக் கீழே இறங்கியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். வேண்டுமென்றே செய்து பார்த்தால் பத்தில் எட்டு சொதப்பல்.

இரண்டு விஷயம் பிடிபட நாளாயிற்று. ஒன்று, தண்ணீர் உண்மையிலேயே சும்மா இருக்க வேண்டும். புதிதாக ஊற்றிய தண்ணீர் பார்வைக்கு அசையாது. உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் தொடாமல் வைத்தேன். இன்னொன்று உயரம். கையை உயர்த்தினால் வேகம் கூடும், வளையமும் நன்றாக ஓடும் என்று நினைத்தேன். நேர்மாறு. ஒரு சாண் மேலேயிருந்து விழுந்த சொட்டு குழி பறித்துத் தெறித்தது, அவ்வளவுதான். சில சென்டிமீட்டர் உயரமே போதும். அதிலும் ஒரு வேடிக்கை: ட்ராப்பரைக் கொஞ்சங்கொஞ்சமாக உயர்த்தினால் வளையம் நன்றாக வரும், கெடும், மறுபடி நன்றாக வரும். பிரிந்த சொட்டு தட்டையாவதும் நீள்வதுமாகத் துடித்துக்கொண்டே விழுகிறது. எந்த வடிவில் இருக்கும்போது தண்ணீரைத் தொடுகிறது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

இறங்கும் வளையம் கொஞ்ச தூரத்தில் முடிச்சு முடிச்சாகத் தடிக்கும். மை தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் ஒவ்வொரு முடிச்சும் கீழே தொங்கி, அதுவே ஒரு குட்டி வளையமாகும். அடியைத் தொடுவதற்குள் சரவிளக்கு மாதிரி ஆகிவிடும்.

*

நான் பார்த்தது என்று சொல்ல முடியாது, என் வளையம் கண்ணுக்கே தெரியவில்லை. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் வட்ட ஓட்டை. எதிர்ப் பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டு பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டினேன். புகை எதுவும் போடவில்லை. மூன்று மீட்டர் தள்ளி ஒரு மெழுகுவத்தி. தாளைக் கையால் ஒரு தட்டு தட்டினேன். ஒன்றும் ஆகவில்லையே என்று வாயைத் திறப்பதற்குள் சுடர் சாய்ந்து அணைந்தது. அந்த ஒரு கண இடைவெளியில்தான் உடம்பு சிலிர்த்தது. அத்தனை தூரத்திலிருந்து வாயால் ஊதி அணைக்க முடியுமா? போகும் வழியிலேயே காற்று சிதறிவிடும். இது பொட்டலம் கட்டின மாதிரி போய்ச் சேர்ந்தது.

காரணம் ஓட்டையின் விளிம்பில் இருக்கிறது. நடுவில் காற்று வேகமாக வெளியே பாய்கிறது. விளிம்பை உரசி வருவது பின்தங்குகிறது. வெளியே சும்மா நிற்கும் காற்றைச் சந்தித்ததும் அந்த ஓரத்து அடுக்கு, சட்டைக் கையை மடித்துவிடுவது போல, சுற்றிலும் வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்கிறது. சுருண்டபின் யாரும் தள்ள வேண்டாம். வளையத்தின் ஒவ்வொரு பகுதியின் சுழற்சியும் மற்றப் பகுதிகளை முன்னே தள்ளும். அதனால் ஒரே சுழற்சி பலத்தில் சின்ன வளையம் வேகமாகவும் பெரியது மந்தமாகவும் போகும்.

தாளை நீளமாக அமுக்கித் தள்ளினால் வளையமும் பெரிதாகும் என்று நினைக்காதீர்கள். பிஸ்டனால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்த ஆய்வு ஒன்று 1998-இல் வந்தது. தள்ளிய தண்ணீர்த் தண்டின் நீளம் குழாய் வாயின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு ஆகும்வரைதான் வளையம் வாங்கிக்கொள்கிறது. மீதியெல்லாம் வாலாகப் பின்னால் நிற்கும். எனக்குச் சரியாக வந்ததும் சின்னத் தட்டுக்குத்தான்.

*

நீச்சல் குளத்தின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வாயில் காற்றை அடக்கிப் 'பக்' என்று விட்டிருக்கிறேன். பெரிய குமிழியின் நடுவே கீழிருந்து தண்ணீர் துளைத்துக்கொண்டு ஏற, குமிழி வளையமாகிவிடும். மேலே போகப்போக அகலும், மெலியும், வேகம் குறையும். டால்பின்கள் இதை விளையாட்டாகவே செய்கின்றன. எனக்கு மூக்கில் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம், ஆனாலும் மூன்று நல்ல வளையம் தேறியது.

*

குளம் என்றதும் ஞாபகம் வந்தது. அலையில்லாத நேரத்தில் ஒரு வட்டத் தட்டைப் பாதி முக்கி, மெதுவாக முன்னால் தள்ளி, அப்படியே வெளியே எடுங்கள். நீர்ப்பரப்பில் இரண்டு குட்டிப் பள்ளங்கள் ஜோடியாக நகர்ந்து போகும். நல்ல வெயிலில் குளத்தின் தரையில் விளிம்பு பளபளக்கும் இரண்டு கருப்பு வட்டங்கள் தெரியும். நான் அந்த நிழலைத்தான் முதலில் பார்த்தேன்.

இரண்டும் தனித்தனி என்று நினைத்து ஒன்றைக் கையால் கலைத்தேன். மற்றதும் போய்விட்டது! உண்மையில் அது பாதி வளையம். இரண்டு முனையும் மேற்பரப்பில், நடுப்பகுதி தண்ணீருக்குள் வில்லாக வளைந்து கிடக்கிறது. 1858-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது இதுதான்: பிசுக்குமையே (உள் உராய்வே) இல்லாத திரவத்தில் சுழல் நடுவழியில் முடிய முடியாது. தன்னோடு தானே இணைய வேண்டும், அல்லது எல்லையில் போய் முட்ட வேண்டும். அதைப் படித்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வின், சக விஞ்ஞானி டெய்ட்டின் புகைப்பெட்டி வளையங்களையும் பார்த்துவிட்டு, 1867-இல் அணுக்களே இப்படிப்பட்ட வளையங்கள்தான் என்று சொல்லிவிட்டார். தப்புதான். ஆனால் என் கையால் ஒன்றைக் கலைத்துப் பார்த்தபிறகு அவரைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை.

*

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். பெட்டி செய்துவிட்டேன், மெழுகுவத்தி இரண்டாம் தட்டிலேயே அணைந்தது. இப்போது அடுத்தடுத்து இரண்டு வளையம் விட்டுப் பார்க்கிறேன். பின்னால் வருவது சுருங்கி வேகமெடுத்து, விரிந்து மெதுவாகும் முன் வளையத்துக்குள் புகுந்து தாண்ட வேண்டும். புகை போட்டுத்தான் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் இரண்டும் ஒட்டி ஒரே மூட்டமாகிவிடுகிறது. இரண்டு தட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்று யாராவது சொன்னால் புண்ணியம்.