"பிறகு வரும்" எண்ட வசதிக்கு இப்பவே காசு கட்டலாமா?

வணக்கம் உறவுகளே. நாங்கள் வெள்ளவத்தையில இருக்கிறம். அப்பாவுக்கு 68 வயசு, காலி வீதி நெரிசல்ல ஓடிக் களைச்சுப் போறார். அதால மின்சாரக் கார் ஒண்டு பாக்கிறம். விக்கிறவர், தானா ஓடுற வசதிக்கு இப்பவே தனியாக் காசு கட்டச் சொல்லுறார். அது இன்னும் முழுசா இல்லை. பிறகு அப்டேட்டில வருமாம், அப்ப விலையும் கூடுமாம்.

எனக்குப் பயம் அதிலதான். டெஸ்லா 2016 ஒக்டோபர்ல இருந்தே இப்பிடி முன்கூட்டி வித்தது. அமெரிக்காவில அந்த வசதியின்ர விலை 2022இல 15,000 டொலர் வரை ஏறி, 2024இல 8,000க்கு இறங்கினது. அதே வருசம் வசதியின்ர பெயரோட 'மேற்பார்வையுடன்' எண்ட சொல்லும் சேர்ந்தது. அதாவது, சாரதி றோட்டைப் பாத்துக்கொண்டுதான் இருக்கவேணும். அங்கயே அப்பிடியெண்டா, கோடு அழிஞ்ச எங்கட றோட்டில, இடப்பக்கத்தால நுழையிற ஓட்டோவும் குறுக்க வெட்டுற பஸ்ஸும் அதுக்கு எப்பிடி விளங்கும்?

கொழும்பில இப்பிடிக் கட்டின ஆக்கள் இருக்கிறீங்களா? இலங்கையில எப்ப வேலை செய்யுமெண்டு எழுத்தில வாங்கினீங்களா? காரை வித்தா வசதி காரோட போகுமா, இல்லாட்டி கட்டின காசு போனதுதானா?

தானா பிரேக் பிடிக்கிறதும், லேன் மாறினா எச்சரிக்கிறதும் உள்ள மொடலே காணுமெண்டு அம்மா சொல்லுறா. எனக்கும் அதுதான் சரியெண்டு படுது. வாற சனிக்கிழமை முற்பணம் குடுக்கவேணும். தெரிஞ்ச அண்ணாமார், அக்காமார் அதுக்கு முதல் சொல்லுங்கோ.