ஃபயர்ஃபாக்ஸ் மட்டும்தான் யூஸ் பண்றேன், உள்ளயே இருக்கிற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரால ஆபத்து உண்டா?

மாடிவீடு:
வணக்கம் மக்களே. வீட்ல ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10, நானும் அப்பாவும்தான் யூஸ் பண்றோம். நான் ஃபயர்ஃபாக்ஸ் தவிர எதையும் தொடுறதில்ல, ஆனா அப்பா சின்ன காண்ட்ராக்ட் எடுத்து செய்றவர், அவருக்கு ஒரு டெண்டர் சைட் இருக்கு, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை சொருகி சைன் பண்ணணும், அது எட்ஜ் பிரவுசர்ல ஐஇ மோடு (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரி பக்கத்தை ஓட்டுற வசதி) போட்டாத்தான் ஓடும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை 2022 ஜூன்லயே மைக்ரோசாஃப்ட் மூடிட்டாங்கல்ல, அப்புறமும் அதுல ஓட்டை, அதுல அட்டாக்னு ஏன் செய்தி வந்துட்டே இருக்கு? யூடியூப்ல ஒருத்தர் ஒரு ஸ்கிரிப்ட் குடுத்து எட்ஜ், ஐஇ ரெண்டையும் வேரோட பிடுங்கிரலாம்ங்கிறார். செய்யலாமா, இல்ல ஃபயர்ஃபாக்ஸ்தானே யூஸ் பண்றோம்னு அப்படியே விட்ரலாமா?

ராத்திரி_ஷிஃப்ட்:
பிடுங்கி போடுங்க ப்ரோ, நான் போன வருஷமே எட்ஜை தூக்கிட்டேன், சிஸ்டம் பறக்குது. இல்லாத பிரவுசர்ல எப்படி ஓட்டை வரும்?

சர்வர்ரூம்:
ஷிஃப்ட் தம்பி, நீங்க தூக்கினது வாசல் கதவை, வீடு அங்கயேதான் இருக்கு. ஐஇங்கிறது வெறும் ஜன்னல், பட்டன்தான். பக்கத்தை உண்மையில வரைஞ்சு காட்டுறது எம்எஸ்ஹெச்டிஎம்எல்னு ஒரு டிஎல்எல் (பல ப்ரோக்ராம் பொதுவா யூஸ் பண்ற கோட் ஃபைல்), அது விண்டோஸோட ஒரு பாகம். பழைய சாஃப்ட்வேர் நிறைய அதை நம்பித்தான் ஓடுது, அதனால விண்டோஸ் 11லகூட எடுக்கல. கண்ட்ரோல் பேனல்ல விண்டோஸ் ஃபீச்சர்ஸ் லிஸ்ட்ல எக்ஸ்ப்ளோரர் 11 டிக்கை எடுத்தாலும் ஐகான்தான் போகும், அந்த டிஎல்எல் போகாது.

மாடிவீடு, உங்க கேள்விக்கு வர்றேன். ஃபயர்ஃபாக்ஸ் யூஸ் பண்றது நல்லதுதான், ஆனா அது நீங்க திறக்குற பக்கத்துக்கு மட்டும்தான் காவல், வேற ஒரு ஃபைல் உங்களை கேக்காமலே அந்த பழைய எம்எஸ்ஹெச்டிஎம்எல் இன்ஜினை எழுப்பினா ஃபயர்ஃபாக்ஸுக்கு அது தெரியவே தெரியாது. 2024 ஜூலைல பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) வந்த ஒரு ஓட்டை இப்படித்தான், செக் பாயிண்ட்ங்கிற செக்யூரிட்டி கம்பெனி ஆளுங்க கண்டுபிடிச்சு சொன்னது, அதுக்கு முன்னாடி 2023 ஜனவரிலேருந்தே அதை வச்சு ஆள புடிச்சிட்டு இருந்திருக்கானுங்க. பிடிஎஃப் புக்குன்னு ஒரு ஃபைல் வரும், ஐகானும் பிடிஎஃப் ஐகான், உண்மையில அது யுஆர்எல் ஷார்ட்கட். கிளிக் பண்ணா உங்க டீஃபால்ட் பிரவுசரை விட்டுட்டு, மூடிட்டோம்னு சொன்ன ஐஇயே எந்திரிச்சு வரும், விண்டோஸ் 11லயும். அப்புறம் ஒரு ஃபைலை திறக்கவான்னு கேக்கும், பேரு பிடிஎஃப்னு முடியிற மாதிரி இருக்கும், ஆனா அதுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத எழுத்தா வரிசையா போட்டு கடைசில ஹெச்டிஏன்னு எக்ஸ்டென்ஷன். ஓபன் குடுத்தா முடிஞ்சுது, ஹெச்டிஏ எந்த பிரவுசரோட கட்டுப்பாட்டுலயும் ஓடாது, ஒரு சாதாரண ப்ரோக்ராம் மாதிரி முழு உரிமையோட ஓடும்.

இதுல இன்னொரு கூத்து, ஃபோல்டர் பாக்குற ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல ஃபைல் எக்ஸ்டென்ஷன் காட்டுன்னு டிக் போட்டு வச்சிருந்தாலும் யுஆர்எல் ஷார்ட்கட்டுக்கு காட்டாது. ஐகானோட இடது கீழ் மூலைல குட்டி அம்புக்குறி இருக்கான்னு பாருங்க. டவுன்லோட் ஆன பிடிஎஃப்ல அம்புக்குறி இருக்க வேலையே இல்ல. சந்தேகம்னா ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அங்க இன்டர்நெட் ஷார்ட்கட்னு உண்மை வந்துரும்.

கோப்பை_டீ:
சர்வர்ரூம் அண்ணன் சொன்னதோட வேர்டு ஃபைலையும் சேர்த்துக்கங்க. 2021 செப்டம்பர்ல இதே எம்எஸ்ஹெச்டிஎம்எல்ல ஒரு ஓட்டை வந்துச்சு, வேர்டு டாகுமெண்ட் வழியா ஆக்டிவ்எக்ஸை (பக்கத்துக்குள்ள ஓடுற குட்டி ப்ரோக்ராம்) இழுத்துட்டு வர்ற வேலை, பிரவுசரையே யாரும் தொடல. மெயில்ல வந்த டெண்டர் டாகுமெண்டை அப்பா திறந்ததும் மேல மஞ்சள் பட்டையில எனேபிள் எடிட்டிங்னு வருமே, படிக்க மட்டும்னா அதை அமுக்க வேணாம்னு சொல்லி வைங்க.

அப்புறம் நான் எங்க வீட்டு சிஸ்டம்ல முதல்ல செய்ற வேலை, டீஃபால்ட் ஆப்ஸ்ல போய் ஹெச்டிஏ ஃபைலை நோட்பேட்ல திறக்கிற மாதிரி மாத்திடுவேன். வீட்ல யாருக்கும் அது தேவைப்படாது, தப்பித்தவறி கிளிக் ஆனாலும் வெறும் எழுத்துதான் தெரியும். தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதா அக்கவுண்ட் வச்சுக்கங்க. அதனால எல்லாம் தப்பிச்சிரும்னு இல்ல, அந்த அக்கவுண்டோட ஃபைலும் பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டும் போகத்தான் செய்யும், ஆனா சிஸ்டம் மொத்தமும் அவன் கைக்குப் போகாது.

யூடியூப் ஸ்கிரிப்ட் வேணவே வேணாம். யாரோ எழுதினதை அட்மின் உரிமையோட ஓட்டுறதே பெரிய ரிஸ்க், அதுல சிலது வெப்வியூவையும் (ஆப்புக்குள்ள வெப் பக்கம் காட்டுற பாகம்) சேர்த்து பிடுங்கிடும், அப்புறம் அதை நம்பி ஓடுற ஆப்பெல்லாம் படுத்துக்கும்.

மாடிவீடு:
ரொம்ப நன்றி அண்ணன்களா. ஸ்கிரிப்ட் ஐடியாவை விட்டுட்டேன். ஹெச்டிஏவை நோட்பேடுக்கு மாத்தியாச்சு, அப்பா கிட்டயும் மஞ்சள் பட்டையை காட்டியாச்சு (“அத அமுக்காம எப்படிடா டைப் பண்றது”ன்னு ஒரு சண்டை). ஒரே ஒரு டவுட், முன்னாடி எட்ஜ் மெனுலயே ஐஇ மோடுல ரீலோட் பண்ணுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், இப்ப காணோம். ஏற்கனவே எதாவது உள்ள வந்திருச்சா?

சர்வர்ரூம்:
வைரஸ் இல்ல தம்பி, மைக்ரோசாஃப்டே எடுத்துட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல அவங்களுக்குத் தெரிய வந்த சமாச்சாரம், போலி சைட்டுக்கு ஆளை வரவழைச்சு, “இந்தப் பக்கத்தை ஐஇ மோடுல திறங்க”ன்னு அவங்க கையாலயே திறக்க வச்சு, சக்ராங்கிற பழைய ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்ல (பக்கத்துல இருக்கிற கோடை ஓட்டுற பாகம்) இருந்த ஓட்டை வழியா நுழைஞ்சிருக்கானுங்க. அதனால ஒரே கிளிக்ல போற பட்டனையெல்லாம் தூக்கிட்டாங்க. இனிமே எட்ஜ் செட்டிங்ஸ், டீஃபால்ட் பிரவுசர், அங்க ஐஇ மோடுக்கு அலோ குடுத்துட்டு, டெண்டர் சைட் முகவரியை மட்டும் லிஸ்ட்ல சேருங்க. 30 நாள்ல அது தானா காலாவதி ஆகும், டெண்டர் இருக்கும்போது திரும்ப சேர்த்துக்கலாம், எரிச்சல்தான், ஆனா எனக்கென்னவோ அந்த எரிச்சல் நல்லதுன்னுதான் படுது.

முக்கியமானதை விட்டுட்டேன் பாருங்க, விண்டோஸ் 10ன்னு சொன்னீங்க. அதோட சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்னைக்கு முடிஞ்சுது. எட்ஜுக்கு 2028 அக்டோபர் வரைக்கும் அப்டேட் வரும்னு சொல்லியிருக்காங்க, அதைப் பாத்துட்டு நிறைய பேர் எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்கறாங்க. நம்ம எம்எஸ்ஹெச்டிஎம்எல் எட்ஜோட வராது, விண்டோஸ் அப்டேட்ல வரும், சப்போர்ட் இல்லன்னா அதுக்கு பேட்சும் இல்ல. விண்டோஸ் அப்டேட் பக்கத்துல எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்ல (சப்போர்ட் முடிஞ்ச பிறகும் பாதுகாப்பு பேட்ச் தர்ற திட்டம்) சேர லிங்க் இருக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணா காசு கேக்காது, பேக்கப் வேணாம்னா 30 டாலர், 2026 அக்டோபர் 13 வரைக்கும். இன்னைக்கே அதுல சேந்துட்டு அப்டேட் எல்லாத்தையும் ஓட விடுங்க. சிஸ்டம் எந்த வருஷத்து மாடல்னு போடுங்க, விண்டோஸ் 11 ஏறுமான்னு பாத்துடலாம்.