ஆர்ஸ்டூடியோ: சேமித்த கோப்பைத் திறந்தால் மெமரி போதவில்லை என்கிறது (அவசரம்)

கெடிலக்கரை:
வணக்கம். ஆர்ஸ்டூடியோவில் (ஆர் என்ற புள்ளியியல் மொழிக்கான மென்பொருள்) நேற்று வரை நன்றாக ஓடிய மாடல்களைச் சேமித்து மூடினேன். இப்போது திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்து 'கேனாட் அலொகேட் வெக்டர்' என்று நின்றுவிடுகிறது. திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

உப்பளத்தான்:
கோப்பு எத்தனை எம்பி? ரேம் எவ்வளவு? ஆர் எந்தப் பதிப்பு? உள்ளே என்னதான் இருக்கிறது?

பலாக்கொட்டை:
மெமரி.லிமிட் கட்டளை கொடுத்து, ஆர் எடுக்கும் மெமரியை 16000 எம்பி என்று கூட்டிப் பாருங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

சராசரிமனிதன்:
பலாக்கொட்டை, அது பழைய கதை. 2022இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து அந்தக் கட்டளை எச்சரிக்கை காட்டுவதோடு சரி, வேறொன்றும் செய்யாது. விண்டோஸில் 32 பிட் ஆரும் அதோடு போயிற்று. கேள்வி கேட்பவரும் ஹெல்ப் பக்கத்தைப் புரட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆர் சேமிக்கும் ஆர்டேட்டா கோப்பு ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்டது, விரிந்தால் பல மடங்காகும். முதல் பருவ மாணவனுக்கே தெரியும்.

கெடிலக்கரை:
கோப்பு 1.3 ஜிபி, ரேம் 8, ஆர் 4.3. ஆனால் சார், மூடுவதற்கு முன்னால் இதே லேப்டாப்பில்தானே எல்லாம் இருந்தது? டாஸ்க் மேனேஜரில் 3 ஜிபியைக்கூடத் தொடவில்லை.

முத்தியால்பேட்டை:
விண்டோஸைத் தூக்கிப் போட்டுவிட்டு உபுண்டு போடுங்கள்.

வண்ணாரப்பாளையம்:
இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டால் முடிந்தது. கடலூரில் வாங்காதீர்கள், பாண்டிக்கு பஸ் ஏறுங்கள். அங்கே வரி குறைவு.

உப்பளத்தான்:
அண்ணா, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து ரேமுக்கு இரண்டு ஊரிலும் ஒரே வரிதான்.

வண்ணாரப்பாளையம்:
தம்பி, நேரு வீதியில் பேரம் பேசி வாங்கியவன் நான். எனக்கே சொல்கிறீர்களா?

முத்தியால்பேட்டை:
பேரம் வேறு, வரி வேறு. பாண்டியில் இன்னும் வரியால் மலிவாகக் கிடைப்பது எது என்று எல்லோருக்கும் தெரியும். அதை லேப்டாப்பில் ஊற்ற முடியாது.

அலையாத்தி:
கெடிலக்கரை, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. மாடல்களை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து ஓட்டினீர்களா? எத்தனை மாடல்?

கெடிலக்கரை:
ஆமாம் மேடம். பரங்கிப்பேட்டை, குறிஞ்சிப்பாடி பக்கக் கிணறுகளின் நீர்மட்டமும் மழையும். 5 லட்சம் வரிசை, 15 பத்தி. முழு டேட்டாவை ஃபங்ஷனுக்குக் கொடுத்து, உள்ளே ஒரு கிணற்றை மட்டும் பிரித்து எல்எம் (நேர்கோட்டு மாடல்). 140 கிணறு, எல்லாம் ஒரே லிஸ்டில்.

அலையாத்தி:
அங்கேதான் இருக்கிறது. ஃபங்ஷனுக்குள் எழுதிய மாடல் ஃபார்முலா, அந்த ஃபங்ஷனின் என்விரான்மென்ட்டை, அதாவது அதற்குள் இருந்த எல்லாவற்றையும், பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் உங்கள் முழு டேட்டாவும் இருக்கிறது. ஒரு எண்ணுக்கு 8 பைட் என்றால் டேட்டா 60 எம்பி. ஓடும்போது 140 மாடலும் அந்த ஒரே பிரதியைத்தான் சுட்டும், அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. சேமிக்கும்போது ஆர் அந்தப் பகிர்வைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு என்விரான்மென்ட்டுக்கும் டேட்டாவைத் தனித்தனியாக எழுதிவிடும். திரும்ப ஏற்றினால் 140 பிரதி, 8.4 ஜிபி. 8 ஜிபி ரேமில் எப்படி நிற்கும்? அளவு காட்டும் ஆப்ஜெக்ட்.சைஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது, அது என்விரான்மென்ட்டை எண்ணாது.

முதலில் புராஜெக்ட் ஃபோல்டரில் உள்ள ஆர்டேட்டா கோப்பின் பெயரை மாற்றுங்கள், ஆர்ஸ்டூடியோவாவது திறக்கும். ஸ்கிரிப்ட் இருந்தால் மறுபடி ஓட்டுவதே சுலபம். ஃபங்ஷன் மாடலைத் திருப்பித் தராமல் கோயெஃப் (மாடலின் கெழுக்கள்), ஆர் ஸ்கொயர் (எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மட்டும் தரட்டும், அதை சேவ்ஆர்டிஎஸ் கட்டளையால் சேமியுங்கள்.

கெடிலக்கரை:
ஸ்கிரிப்ட் பாதிதான் இருக்கிறது மேடம். மீதி கன்சோலில் அடித்தது.

சராசரிமனிதன்:
அதுதானே பார்த்தேன்.

அலையாத்தி:
பரவாயில்லை. துறையில் 32 ஜிபி மெஷின் இருந்தால் அதில் லோட் செய்து, வேண்டியதை மட்டும் எடுத்துத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். லோட் கட்டளையால் கோப்பில் பாதியை மட்டும் எடுக்க முடியாது, அதனால் பெரிய மெஷின்தான் வழி. ஹிஸ்டரி டேபையும் பாருங்கள், கன்சோலில் அடித்தது கிடைக்கலாம்.

பலாக்கொட்டை:
அப்படியென்றால் எனக்கு மெமரி.லிமிட்டில் சரியானது எப்படி?

சராசரிமனிதன்:
பழைய பதிப்பாக இருந்திருக்கும்.

வண்ணாரப்பாளையம்:
எப்படியானாலும் 16 ஜிபி போடுவது நல்லதுதான்.

கெடிலக்கரை:
லேப் மெஷினில் திறந்துவிட்டது. நன்றி மேடம்.

உப்பளத்தான்:
எடுத்த பிறகு கோப்பு எவ்வளவாகச் சுருங்கியது? சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கும் இதே போல ஒரு லிஸ்ட் இருக்கிறது.

உப்பளத்தான்:
கெடிலக்கரை?