கப்பல் கேபினில் அப்பாவின் சிபாப் மெஷினுக்கு வயர் எட்டவில்லை, வழி சொல்லுங்கள்

அடுத்த மாதம் 12ஆம் தேதி அப்பா அம்மாவோடு 7 இரவு கப்பல் பயணம். ஜன்னல் இல்லாத உள் கேபின். அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 சிபாப் மெஷின் ராத்திரி முழுக்க ஓடியாக வேண்டும். கேபினில் ப்ளக் பாயின்ட் மேஜைப் பக்கம் மட்டும்தான், கட்டில் எதிர்ச் சுவரோரம். மெஷின் வயர் அங்கே எட்டாது.

போன தடவை சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் பகுதி) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனேன். ஏறும்போதே ஸ்கேனிங்கில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கப்பலின் மின்சார அமைப்பில் அது தீப்பிடிக்கக்கூடும் என்பதால் தடை, நியாயம்தான். ஆனால் முதல் ராத்திரி அப்பா மெஷின் இல்லாமல் படுத்தார். குறட்டை சட்டென்று நிற்கும், மறுபடி மூச்சு வரும்வரை நான் இருட்டில் அவர் மார்பில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் கேபின் பணியாளர் நீள வயர் ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

இந்த முறை மருத்துவத் தேவைப் படிவம் அனுப்பி 3 வாரம் ஆயிற்று. இரண்டு தடவை ஃபோனும் செய்தேன், "பார்த்துச் சொல்கிறோம்" என்பதோடு சரி. பேட்டரி வாங்கலாமா என்று பார்த்தேன். மெஷினில் காற்றை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபையரும் சேர்ந்து ஓடினால் ஒரு இரவு தாங்குவதே சந்தேகம். காந்தக் கொக்கி, இரவு விளக்கு, மருந்துக்குத் தனிக் கைப்பை எல்லாம் எடுத்தாயிற்று.

சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரை டாக்டர் கடிதத்தோடு கொண்டுபோனவர்கள் இருக்கிறீர்களா, கப்பலில் ஏற்ற விட்டார்களா?