புதுப்பிப்பு: சிமுலேட்டரில் அந்தரத்தில் மிதந்த விமானங்கள்

வானில் பறக்கும் நிஜ விமானங்களின் தகவலை நேரலையில் வாங்கி, கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் காட்டினால், மதுரையில் இறங்குபவை ஓடுபாதைக்கு மேல் மிதந்து வந்து, கடைசியில் தொப்பென்று குதிக்கின்றனவே, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

விமானம் தன் இருப்பிடத்தையும் உயரத்தையும் தானே ரேடியோவில் சொல்லும் முறைதான் ஏடிஎஸ்-பி. அது அனுப்பும் உயரம் பொதுவாக, கடல்மட்டக் காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) என்று வைத்துக் கணக்கிட்டது. இங்கே அன்றைய அழுத்தம் 1007 என்றால், குறையும் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் சுமார் 30 அடி வீதம் கிட்டத்தட்ட 180 அடி கூடுதலாகக் காட்டும். தரை தொட்டதும் விமானம் உயரத்தையே அனுப்பாது. அதுதான் அந்தக் குதி. அன்றைய அழுத்தத்தைக் கொடுத்துத் திருத்தினேன், இப்போது அழகாக இறங்குகின்றன.

உச்சிப்புளி விமானங்கள் ஏன் திரையில் தெரிவதில்லை என்று கேட்ட தம்பிக்கு: அங்கே இருக்கும் ஐஎன்எஸ் பருந்து, கடற்படையின் விமானத் தளம். பக்கத்து மண்டபத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேயே அந்த விமானங்கள் சத்தம் போட்டுப் போகும், திரையில் ஒரு புள்ளிகூட வராது. ராணுவ விமானம் தன் இருப்பிடத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டா பறக்கும்? கொழும்பு விமானங்கள் மட்டும் பளிச்சென்று வருகின்றன.